சிவப்புத் துணி கட்டிய கயிறு

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படித்தவர்கள் எழுதும் பக்கத்தில் இவன் எதற்கு வந்தான் என்று நினைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல வேண்டிய ஒருவருக்கு நேரில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம். தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரையில் எங்கள் ஊர். நான் சங்கு குளிக்கிற படகில் போகிறவன். முங்குவது என் வேலை அல்ல, கயிறு பிடிப்பது. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து நீளமான டியூப் வழியாகக் காற்று கீழே போகும். அதை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர் கடலடியில் சங்கு பொறுக்குவார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே என் கையில் இருக்கும்.

இந்தக் கயிற்றை எங்கள் பக்கத்தில் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. முங்குகிறவரின் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் வழக்கம் என்பார்கள். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவனுக்கும் மனம் வராது, அதுதான் காரணம். நான் என் தங்கையின் கணவருக்குக் கயிறு பிடித்தேன். கீழேயிருந்து இரண்டு முறை சுண்டினால், என்ன ஏது என்று யோசிக்காமல் முழு மூச்சாக இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். எவ்வளவு வேகமாக இழுக்கிறானோ அவ்வளவு பாசம் என்று ஊரில் பேச்சு. நானும் வேகத்துக்குப் பேர் வாங்கியவன்தான்.

அந்த வருடம் மாப்பிள்ளைக்குக் கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. நெடுநேரம் முங்கிவிட்டு வரும் நாளில் விரல்கள் உணர்வில்லாமல் கிடக்கும். தங்கை எண்ணெய் தேய்த்துவிடுவாள். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் அவரைப் படகிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். கடல் காற்று அடித்துவிட்டது என்று சொல்வோம். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் ஊருக்கு வந்தார். பழைய முத்துப் பார்களில், அதாவது சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைகளில், மறுபடியும் சிப்பிக் குஞ்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இடம் அறிந்தவர்களும் முங்கிப் பழகியவர்களும் நீங்கள்தானே, உங்கள் படகிலேயே வருகிறேன் என்றார். ஆற்றுப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரர். பேச்சு எங்கள் பேச்சுதான்.

எங்கள் படகை ஓட்டும் டிரைவர் அண்ணன் இழுத்தடித்தார். "பொம்பளைய ஏத்திட்டுப் போனா கடல் கோவிச்சுக்கிடும் மேடம்."

"கோவிச்சா நானே எறங்கிச் சமாதானம் பேசுதேன் அண்ணாச்சி. நீங்க கவலப்படாதீங்க."

டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

மாப்பிள்ளையிடம் பேச வீட்டுக்கு வந்தபோது, அவர் காலைப் பிசைந்துகொண்டிருந்ததை மேடம் பார்த்துவிட்டார். சிப்பிப் பேச்சு நின்றுபோனது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்படி மேலே வருவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கோலி சோடாவச் சட்டுனு உடைச்சா பொங்குதுல்லா? ஆழத்துல இருந்து சட்டுனு மேல வந்தா ரத்தத்துக்குள்ள அப்படித்தான் காத்து பொங்கும். நடுவழியில நிறுத்தி, மெதுவா வரணும்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். "அதெல்லாம் படிச்சவங்க முங்குறதுக்கு மேடம். எங்க உடம்பு வேற."

தங்கை சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். படகு புறப்படும் நாள் காலையில் கரைக்கு வந்து, "அண்ணே, அந்த மேடம் சொல்லுத மாதிரி செய்யி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும்.

மாதா கோயில் கோபுரமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் டிரைவர் அண்ணன் நங்கூரம் போட்டார். மேடம் இடம் காட்டும் தன் கருவியைப் பார்த்து, சரியான இடம்தான் என்றார். "உங்க மிசினும் கோயிலுக்குப் போகும் போலயே" என்றார் டிரைவர் அண்ணன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து, மாப்பிள்ளை இடுப்பிலிருந்து மூன்று பாகம் தள்ளிக் கயிற்றில் கட்டினார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அந்தத் துணி என் கைக்கு வரும்போது இழுப்பதை நிறுத்த வேண்டும் என்று என்னிடம் சொன்னார். இறங்கும் அவசரத்தில் இருந்த மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏலே, கயித்துக்கு ரிப்பன் கட்டியாச்சு. இனி பூவும் வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டியதுதான்" என்று கம்ப்ரசரைக் கவனிக்கிறவர் கேலி பண்ணினார்.

மாப்பிள்ளை ஒரு இரும்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதைப் பாரின் மேல் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எடுத்து வர வேண்டும். கொஞ்ச நேர வேலை. ஆனால் அவர் வரவில்லை. கயிறு அசைந்துகொண்டிருந்தது, ஆள் நன்றாகத்தான் இருந்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைச் சுண்டிப் பார்க்கச் சொன்னார். சுண்டினேன், பதில் இல்லை. வழக்கமாக இருக்கும் நேரத்தைவிட எவ்வளவோ அதிகமான பிறகு, கீழேயிருந்து இரண்டு சுண்டு வந்தது.

என் கை தானாக வேகமெடுத்தது. "மெதுவா அண்ணாச்சி, மெதுவா" என்றார் மேடம். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தேன். சிவப்புத் துணி கைக்கு வந்தது. நிறுத்தினேன்.

கீழேயிருந்து மறுபடி இரண்டு சுண்டு. நான் இழுக்கவில்லை. மறுபடியும் சுண்டு, இந்த முறை கோபமாக. அந்தக் கயிற்றைப் பிடித்த நாள் முதல் சுண்டுக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததே இல்லை. நடுத்தண்ணீரில் என் தங்கை புருஷன் தொங்குகிறார், தூக்கு தூக்கு என்கிறார், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.

"ஏலே, இழுலே! அவன் சுண்டுதாம்லா! கை வெளங்காம போச்சா ஒனக்கு?" டிரைவர் அண்ணன் கத்தினார்.

மாப்பிள்ளை பதறி டியூபை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றியபோதே மேடத்துக்கும் தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் கண்ணாடியை மாட்டினார். இன்னொரு கயிற்றை எடுத்துச் சுடிதாருக்கு மேல் இடுப்பில் கட்டினார். டிரைவர் அண்ணன் அதைப் பிடிக்கக் கை நீட்டினார். மேடம் கொடுக்கவில்லை. "அண்ணாச்சியே பிடிக்கட்டும்" என்று முனையை என்னிடம் தந்தார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கணும் மேடம்?" என்று கேட்டேன்.

"கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

என்னிடம் கடிகாரம் கிடையாது. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும் தெரியும். மணி உருட்டக் கை இல்லை. ஒரு கையில் மாப்பிள்ளை, மறு கையில் மேடம். வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். ஊர் ஜெபத்தில் ஒருநாளும் நான் முன்சொல்லியது இல்லை. அன்று சத்தமாகச் சொன்னேன். மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி, மற்றவர்கள் சொல்ல வேண்டிய மறுபாதிக்காக நிறுத்தினேன். டிரைவர் அண்ணன் திட்டுவதை விட்டார். பிறகு மறுபாதியை அவர் சொன்னார். அடுத்ததற்குக் கம்ப்ரசர்காரரும் சேர்ந்துகொண்டார்.

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போவார், மேலே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி போவார். இடது கைக் கயிறு போவதும் வருவதுமாக இருந்தது. வலது கைக் கயிற்றில் சுண்டுவது நின்றுவிட்டது. முதலில் அதற்கும் பயந்தேன். மேடம் தலையைத் தூக்கி, "பிடிச்சிருங்க, நல்லா இருக்காரு" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசி மணி சொல்லி முடித்தபோது மேடம் கையைக் காட்டினார். மெதுவாக இழுத்தேன்.

மாப்பிள்ளை படகின் ஓரத்தைப் பிடித்ததும் டியூபைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்வே, உம்ம தங்கச்சிக்கு வெள்ளச் சீலை எடுக்கப் பாத்தீராக்கும்?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கயிறு எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, டியூபை விட்டுவிட்டு மேலே பாய்ந்துவிடலாம் என்று இருந்தாராம். அந்த நேரத்தில் தலைகீழாக ஒரு ஆள் வந்து, அவர் கையைப் பிடித்து, பொறு பொறு என்று உள்ளங்கையைக் காட்டியதாம்.

வலைப்பையில் அவர் கொண்டுவந்த கல்லெல்லாம் விரல்நகம் அளவுக்குச் சிப்பிக் குஞ்சுகள். இத்தனை வருடம் கழித்துப் பாரில் சிப்பியைப் பார்த்த சந்தோஷத்தில், ஒரு இடம் விட்டு இன்னொரு இடம் என்று தேடிப் போய்விட்டார். அதனால்தான் அவ்வளவு நேரம். மேடம் தேடி வந்ததே அந்தச் சிப்பிதான். ஆனால் பையைத் திறக்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட மாப்பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து, "ஒவ்வொரு வெரலா அசைங்க" என்றார். பத்து விரலும் அசைந்த பிறகுதான் பையைப் பார்த்தார். கரைக்கு வந்ததும் மாப்பிள்ளையை வற்புறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்.

கரையில் தன் கயிற்றை அவிழ்த்து என்னிடம் தந்தபோது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாங்கிச் சுருட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அவரை வேறு கடற்கரைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்துச் சங்குப் படகுகள் பலவற்றில் இப்போது கயிற்றில் துணி கட்டுகிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை.

இழுப்பதுதான் பாசம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இழுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கவும் பாசம் வேண்டும் என்று கற்றுத் தந்தவர், தன் உயிரையும் ஒரு அண்ணன் கையில் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி அல்ல, இரண்டு பேர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று கடலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளை சைக்கிளை மிதித்துப் போய்ப் பால் வாங்கி வந்தார்.