எரிமலையில் என் மாமனார்

என் மாமனார் நெய்வேலி மைன்ஸில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவர். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் வேலை. மூன்று ஷிப்டிலும் மாறி மாறிப் பள்ளத்துக்குள்ளேயே வாழ்ந்தவரை இந்தோனேசியாவுக்குக் கூட்டிப் போய் இன்னொரு பள்ளத்தைக் காட்ட வேண்டும் என்று என் மச்சானுக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. மச்சான் அங்கே பாண்டுங் நகரத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் நான், என் மனைவி, மாமனார் மூவரும் கிளம்பினோம்.

எரிமலை என்ற சொல் காதில் விழுந்த அன்றே மாமனார் பரணிலிருந்து தன் பழைய ஹெல்மெட்டை இறக்கிவிட்டார்.

“அப்பா, அது டூரிஸ்ட் போற எடம்ப்பா. எல்லாரும் சும்மா தொப்பி போட்டுகினு வருவாங்க,” என்றாள் என் மனைவி.

“பள்ளத்துகிட்ட போறவன் தலையில என்னா இருக்கணும்னு எனக்குத் தெரியாதா? பெட்டில வைம்மா.”

அவள் இரண்டு முறை அதை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டு முறையும் அது வேட்டிகளுக்கு நடுவில் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது.

தங்குபன் பராஹு என்று அந்த மலைக்குப் பெயர். கவிழ்த்துப் போட்ட படகு என்று அர்த்தமாம். கார் உச்சி வரைக்கும் போகிறது. இறங்கியதுமே கந்தக நாற்றம் மூக்கில் ஏறியது. மரவேலிக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு மகா பள்ளம். அடியில் அங்கங்கே புகை. மாமனார் ஹெல்மெட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“படிப்படியா பெஞ்சே வெட்டல. சரிவு அப்படியே செங்குத்தா நிக்குது. மழை பெஞ்சா மொத்தமும் உள்ள வந்துடும்.”

“அப்பா, இத யாரும் வெட்டல. தானா வெடிச்சது,” என்றார் மச்சான்.

“அதான் சொல்றன். பிளானே இல்ல.”

அப்போது ஒரு ஜோடி வேலியின் மேல் ஏறி செல்ஃபி எடுக்கப் பார்த்தது. மாமனார் கை தட்டி, “ஏம்மா! எறங்கு, எறங்கு! பின்னால வா!” என்று கத்தினார். அந்தப் பெண் திரும்பி ஹெல்மெட்டைப் பார்த்தாள். உடனே இறங்கிக் கும்பிட்டாள். அதைப் பார்த்து வேலி ஓரம் நின்ற மற்றவர்களும் ஓரடி பின்வாங்கினார்கள்.

அடுத்த அரைமணி நேரம் அவரை எங்களால் மீட்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வந்தது. அவர்களுடைய டீச்சர் பணிவாக ஏதோ கேட்டார். இவர் யோசிக்காமல் இடது பக்கம் கை காட்டினார். நாற்பது பிள்ளைகளும் வரிசையாக இடது பக்கம் போனார்கள்.

“அவங்க என்ன கேட்டாங்க மாமா?” என்றேன்.

“யாருக்குத் தெரியும் மாப்ள. ஆனா அந்தப் பக்கம்தான் வேலி கெட்டியா இருக்குது.”

சீருடையோடு உண்மையான காவலாளி வந்தார். நான் பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் மாமனாரை ஏற இறங்கப் பார்த்தார். விரலை மடக்கி ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ கேட்டார்.

மச்சான் மொழிபெயர்த்தார்: “நீங்க எந்த எரிமலையில டூட்டி பாக்குறீங்கன்னு கேக்குறார்.”

“நெய்வேலின்னு சொல்லு.”

மச்சான் சொன்னார். காவலாளி, தெரியும் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மாமனாருக்கு மட்டும் டீ வரவழைத்தார்.

அதன் பிறகு காட்டுப் பாதையில் கீழே இறங்கினோம். அங்கே பாறைக் குழிகளில் வெந்நீர் கொதிக்கிறது. முட்டை வாங்கிப் போட்டால் வெந்துவிடுகிறது. என் மனைவி ஒரு டஜன் வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். சூடு குறைவான ஒரு குழியில் எல்லோரும் காலை விட்டிருந்தார்கள். மாமனாரும் வேட்டியை மடித்துக்கொண்டு காலை விட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

“போலாம்ப்பா, மேகம் இறங்குது,” என்றாள் என் மனைவி.

“காலமெல்லாம் தண்ணிய வெளிய தள்ளுனன். ஒரு நாளாவது உள்ள குந்திக்கறனே.”

மாமனார் முழங்கால் வலிக்காரர்; அத்தனை ஏற்றத்தையும் எப்படி ஏறப் போகிறார் என்று எனக்குக் கவலை. தேவையென்றால் நானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியும் வைத்தேன். ஆனால் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது நான்தான். ஆறு முட்டை தின்றது வேறு. மாமனாரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து என்னை மேலே இழுத்து வந்தார்கள். அங்கிருந்து கார் நிற்கும் இடம் வரை நடக்க முடியாமல் என்னை ஒரு வாடகைக் குதிரையில் ஏற்றினார்கள். பிள்ளைகள் சவாரி போகும் குட்டைக் குதிரை. என் கால்கள் ஏறக்குறைய தரையைத் தொட்டன.

“கீழ பாக்காதீங்க மாப்ள. நேரா பாருங்க,” என்று மாமனார் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். எதிரே வந்த அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேரும் எனக்குக் கை தட்டினார்கள்.

என் மனைவி குதிரைச் சவாரி உட்பட எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, அன்றைக்கே ஊரில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். லீவு முடிந்து எரிமலையைப் பற்றி நிறையப் பேசலாம் என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். கணக்கு சார் எழுந்து நின்று, உட்காரும்படி நாற்காலியைக் காட்டினார்.

“ஏற முடியுமா சார்? இல்ல, பிடிச்சுக்கணுமா?”