மலரக்கா மறைக்காத கொப்பி

மலரக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது வந்தது. களுதாவளையிலிருந்து அவருடைய தம்பி போன் எடுத்திருந்தார். "சேர், அக்கா போயிட்டா. விடிய எழும்பி முகம் கழுவிட்டு வந்து கதிரையில இருந்தவ, அப்பிடியே சாஞ்சிட்டா" என்றார். வகுப்பை விட்டு வெளியே வந்து நின்றேன். யார் செத்தது என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொன்னேன். சொந்தம் இல்லை, தூரமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் கிளினிக் நாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், பிரேத அறைக்குப் பக்கத்தில் ஒதுக்கித் தந்திருக்கும் மனநலக் கிளினிக்கைச் சொல்கிறேன். அங்கே வருகிறவர்களுக்காகவும் அவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு மலரக்காவைத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் றோட்டில் கண்டால் தெரியாத மாதிரிப் போனவர்கள்.

தவமலர் என்பது முழுப் பெயர். குரல் கேட்கும் வருத்தம் அவருக்கு. அதில் ஒரு குரல் ஓயாமல் ஏசும் என்று சொல்வார். மருந்தெடுத்துச் சுகப்பட்ட பிறகு மற்றவர்கள் கிளினிக்கை விட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். இவர் அங்கேயே நின்றுகொண்டார். வரிசையைப் பார்ப்பார், பயந்துபோய் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பார், வராதவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டிவருவார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒருமுறை கிளினிக்கைப் பார்க்க வந்து, சுனாமியால்தானே உங்களுக்கு இந்த நோய் என்று உருக்கமாகக் கேட்டார். மொழிபெயர்த்தவரிடம் மலரக்கா சொன்னார்: "சுனாமிக்கு முன்னமே எனக்கு வந்திட்டு எண்டு சொல்லுங்க. எல்லாத்தையும் கடல்ட தலையில போடாதேங்க." வந்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவிட்டார்.

நான் பதினொரு வருடமாக அந்தக் கிளினிக்குக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் சீனி வருத்தம் என்று சொல்லி லீவு எடுப்பேன். சீனிக் கிளினிக்கும் அதே ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்குப் பெரிய வசதி. பொய் பிடிபடக் கூடாதே என்று ஆசிரியர் அறையில் பதினொரு வருடமாகச் சீனி போடாத தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். கலியாண வீட்டில் பாயசத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். இதைக் கேட்டு மலரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இல்லாத வருத்தத்துக்கு ஊரறியப் பத்தியம் காக்கிறீங்க, இருக்கிற வருத்தத்துக்கு ஒளிச்சுக் குளிசை போடுறீங்க. கணக்குச் சேர், இது என்ன கணக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். இன்று அந்தச் சொல்லை நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அவர் வேலை செய்யும் விதம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. எங்களோடு மருந்தெடுத்த ஒருவர் அம்மன் கோயிலில் தெய்வமாடுகிறவர். மாதம் ஒரு ஊசி அவருக்கு. வைகாசிச் சடங்கு நெருங்கினால் ஆளைக் காணக் கிடைக்காது. ஊசி ஏறின உடம்பில் அம்மன் ஏறமாட்டா என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் சடங்கில் ஆடிவிட்டு, ஆனி மாதம் கையைக் காலைக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். மலரக்கா கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரிடம் போய் ஒரு பகல் முழுக்க இருந்து பேசினார். கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்குவதற்கு முந்தின நாள் ஊசி, ஊசி போட்ட கையில் கட்டாடியாரே திருநீறு பூசிவிடுவது என்று முடிவாயிற்று. "அம்மா வாறதுக்கு ஊசி தடையில்ல. அம்மா வந்திட்டுப் போனா, மறுகா ஆளுக்குத்தானே ஊசி வேணும்" என்று கட்டாடியாரிடம் சொன்னாராம். அந்த வருடம் அந்த மனிதர் ஆடினார், ஆனி மாதம் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டும் நின்றார். ஹாஜரா ராத்தாவுக்கும் இப்படித்தான். காத்தான்குடிக்காரர். தெரிந்த முகம் எதுவும் பார்க்கக் கூடாதென்று இவ்வளவு தூரம் பஸ்ஸில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர். நோன்பு மாதத்தில் குளிசையை விட்டுவிடுவார். விடியுமுன் சகர்ச் சாப்பாட்டுக்கு எது, நோன்பு திறந்த பிறகு எது என்று டொக்டரோடு பேசி ஒழுங்குபண்ணி, ராத்தாவின் கிளினிக் கொப்பியில் எழுதுவித்தவர் மலரக்கா.

கிளினிக் கொப்பி என்பது நாற்பது பக்க அப்பியாசக் கொப்பிதான். என்ன வருத்தம், என்ன மருந்து, எல்லாம் அதில் இருக்கும். எந்த நோவுக்கு எந்த டொக்டரிடம் போனாலும் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதில் மலரக்கா ஒற்றைக்காலில் நிற்பார். அதற்குக் காரணம் இருந்தது. வாவியின் மறுகரையில் ஒரு மீனவர் முதுகு நோவுக்குப் போனபோது கொப்பியை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவருடைய குளிசையோடு சேரக் கூடாத நோவு மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கிளினிக்குக்கு வரவில்லையே என்று குருமண்வெளித் துறையில் சைக்கிளோடு பாதை என்கிற மிதவையில் ஏறித் தேடிப்போன மலரக்கா கண்டது, கை கால் நடுங்கி, வாந்தியெடுத்து, பேச்சுக் குழறிக் கிடந்த ஆளைத்தான். மனைவி பேயோட்ட ஆளுக்குச் சொல்லியனுப்பியிருந்தா. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் உயிர் தப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் மலரக்கா நீட்டு வாங்கில் வரிசையாக இருக்கிற எங்களைப் பார்த்துச் சொல்வார்: "கொப்பிய ஒளிக்காதேங்க. வெக்கம் ரெண்டு நாளையில போயிரும், உசிர் போனா வராது."

இனி, அவர் போவதற்கு முந்தின நாள், அந்தத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலரக்கா போன் எடுத்தார். "சேர், நெஞ்சுக்குள்ள இறுக்கிற மாதிரி இரிக்கி. இடக் கையும் நோகுது. தம்பி வயலுக்குப் போயிட்டான். மோட்டசைக்கிள்ல ஒருக்கா ஏத்திட்டுப் போறீங்களா?" போனேன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. பையில் கொப்பி இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது, கதவடியில் நின்ற சிற்றூழியரைக் கண்டேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன். "சேர் எங்க இந்தப் பக்கம்?" என்றார். சீனிக்கு மருந்தெடுக்க என்று சொல்லி, மருந்து கொடுக்கிற யன்னலடியில் போய் நின்றுகொண்டேன். மலரக்கா தனியே உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது, கேட்டது.

டொக்டர் சின்ன வயது. மலரக்கா கொப்பியை மேசையில் வைத்தார். அவர் முதல் பக்கத்தை வாசித்தார். அதற்குப் பிறகு மலரக்காவின் நெஞ்சை அவர் தொட்டுப் பார்க்கவில்லை.

"குரல் கேக்குதா அம்மா?"

"அது எப்பவும் கேக்கிறதுதான் டொக்டர். இப்ப நோகிறது நெஞ்சு."

"குளிசையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம். ஈசிஜி ஒண்டு எடுத்துப் பாக்க ஏலாதா?"

"பதட்டப்படாதீங்க. நாளைக்கு உங்கட கிளினிக்தானே. அங்க சொல்லுங்க."

வாய்வுக்குக் குளிசை எழுதிக்கொடுத்தார். நான் பத்து அடி தள்ளி நின்றேன். இந்த மனிசி இல்லாத நோவைச் சொல்கிற ஆள் இல்லை, எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும் என்று உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து யன்னலடியில் நின்று, எனக்குத் தேவையில்லாத சீனிக் குளிசைக்கு வரிசையில் இருந்தேன். திரும்பி வரும்போது பின்னால் இருந்து மலரக்கா சொன்னார்: "நீங்க உள்ள வராதது நல்லது சேர். வந்திருந்தா உங்களுக்குத்தான் வில்லங்கம்." நெஞ்சு நோவோடு இருந்தவர் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அதைக் கேட்டு ஆறுதலும் பட்டேன்.

மாரடைப்பு என்று பிறகு எழுதிக்கொடுத்தார்கள். அந்த டொக்டரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவரை மட்டும் திட்டிவிட்டு நான் நழுவவும் போவதில்லை.

செத்த வீட்டுக்குப் பெருங்கூட்டம். கண்டால் ஒதுங்கிப் போனவர்களெல்லாம் தங்கமான மனிசி என்றார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த வருத்தத்தப் பத்தி மட்டும் எழுதாதேங்க சேர். என்ட மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கம்." நான் தலையாட்டினேன். சமூக சேவகி, இறைபக்தி மிக்கவர், சிரித்த முகத்தவர் என்று இரண்டு பக்கம் எழுதினேன். கிளினிக் என்ற சொல்லே அதில் இல்லை. மலரக்கா ஆயுள் முழுக்க எதை ஒளிக்க மாட்டேன் என்று நின்றாரோ, அதை அவர் செத்த பிறகு நான் ஒளித்துக் கொடுத்தேன். நல்லாயிருக்கு சேர் என்று எல்லாரும் சொன்னார்கள். தம்பிக்கு இப்போது நான் எழுதுகிற இந்தக் கட்டுரை பிடிக்காது. அவரிடம் இதிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கடுத்த கிளினிக் நாளில் ஹாஜரா ராத்தா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "சேர், வயித்துல கல்லாம். நாளைக்கு இங்க வாட்டில ஒப்பரேசனுக்கு நிக்க வரச் சொல்லிட்டாங்க. இந்தக் கொப்பியக் கொண்டு போறதா, வூட்ட வெச்சிட்டுப் போறதா? மலரக்கா இருந்தா அவவுக்கிட்டக் கேப்பன்."

"வூட்டயே வெச்சிட்டுப் போங்க ராத்தா" என்றேன்.

"மலரக்கா காட்டச் சொல்லித்தானே சொல்லித் தந்தா?"

"காட்டித்தான் மலரக்கா செத்தா."

ராத்தா கொப்பியைப் பர்தாவுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு ஒரு கெட்ட திருப்தி இருந்தது. உலகத்துக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்ட மாதிரி. என் முறை வந்து, மருந்து எழுதுவித்து, என் கொப்பியைத் திருப்பி வாங்கும்போதுதான் உறைத்தது. அந்த மீனவர் போட்ட அதே குளிசையைத்தான் ராத்தாவும் போடுகிறார். ஒப்பரேசனுக்குப் பிறகு நோவு மருந்து கொடுக்காமல் விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ராத்தா, கொப்பிய நாளைக்குக் கொண்டு வாங்க. நானும் வாறன்."

"சேர் என்னத்துக்கு? ஆராவது கண்டா?"

"காணட்டும்."

அடுத்த நாள் போனேன். வாட்டு வாசலில் மேசை போட்டு ஒரு தாதி மிஸ்ஸி பேர் பதிந்துகொண்டிருந்தார். ராத்தா கொப்பியை நீட்டினார். மிஸ்ஸி முதல் பக்கத்தைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார். பிறகு ராத்தாவை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: "இவவுக்கு உண்மையா வயித்து நோவு இரிக்கா?"

"அவவுக்கிட்டயே கேளுங்க மிஸ்ஸி. அவ வயித்து நோவு எண்டா அது வயித்து நோவுதான்."

"நீங்க ஆரு, மகனா?"

வரிசையில் எங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரின் தாய். என்னைக் கண்டு அப்போதுதான் சிரித்துத் தலையாட்டியிருந்தார்.

"நானும் அந்தக் கிளினிக்தான். பதினொரு வருசமா. இந்தக் குளிசை போடுற ஆக்களுக்குச் சில நோவு மருந்து குடுக்கக் கூடாது. அதப் பெரிசா மேல எழுதி வைங்க."

மிஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை வாங்கினவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அந்தத் தாயின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று, வரிசை ஒரு அடி பின்னால் நகர்ந்தது. மிஸ்ஸி பேனையை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினார். ராத்தா சுகமாக வீடு திரும்பினார்.

மலரக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். அவர் அதை இருபது வருடத்துக்கு மேல் எங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கினார். நான் அதை வாங்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் திங்கட்கிழமை கதவைத் தாண்டிப் போய் நான் அதை வாங்கியிருந்தால், மலரக்கா இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கக் கூடும்.