கண்ணை மூடிக்கிட்டுச் சண்டை போட்ட வீடு

எங்க அத்தை என்கூடப் பேசவே மாட்டாங்க. ஆனா என்னைப் பத்தி ஆண்டவர்கிட்ட தினமும் பேசுவாங்க. அதுவும் நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும்போது.

நான் பெரியதாழைக்காரி. கடலுக்குப் போற ஆர்.சி., அதாவது கத்தோலிக்க வீடு. என் வீட்டுக்காரரு, இவுக, மில்லர்புரம், புராட்டஸ்டன்ட் சபை. எழுபதுகள்ல, தூத்துக்குடியில புதுத் துறைமுக வேலை நடந்த சமயம், அங்க வேலை பார்த்த இவுகளைப் பிடிச்சுப்போய், ரெண்டு வீட்டையும் பகைச்சுக் கட்டிக்கிட்டேன். இவுக அப்பா, அதான் மாமா, ஒருவழியா சமாதானம் ஆயிட்டாங்க. அத்தைதான் வாயைப் பூட்டிக்கிட்டாங்க.

அந்த வீட்டுல விடிஞ்சா குடும்ப ஜெபம். காலண்டர்ல போட்டிருக்கிற வேதபகுதியை ஒருத்தர் வாசிச்சு, நாலு வார்த்தை தியானம் சொல்லணும். பிறகு எல்லாரும் கண்ணை மூடி ஜெபம். அத்தையோட பூட்டு திறக்கிறது அங்கதான். "உமக்குத் தெரியாததல்ல ஆண்டவரே, நேத்து குழம்புல உப்பே இல்ல. இந்த வீட்டுக்கு வந்திருக்கிற பிள்ளைக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, நீரே ஆராய்ந்து பாரும்."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். விடுவேனா? என் முறை வந்ததும், "ஆண்டவரே, ஊரைச் சுத்தி உப்பளமா வச்சிருக்கீர். இந்த வீட்டு உப்புச் சாடி எங்க இருக்குன்னு மட்டும் அடியாளுக்கு ஒருத்தரும் காட்டித் தரலையே"ன்னு அழுத்திச் சொல்லுவேன். உடனே மாமா "ஆமென்!"னு ஒரு சத்தம் போடுவாங்க. அவங்களுக்கு ஆபீஸ் பஸ் போயிரும்.

ஜெபத்துல போடுற சண்டை நல்லாத்தான் இருந்தது. ஆனா ஆம்பளைங்க வேலைக்குப் போனப்புறம், ரெண்டு பொம்பளைங்க ஒரே அடுப்படியில வாய் திறக்காம கிடக்கிறது இருக்கே, அது கொடுமை. "ஏளா"ன்னு ஒரு தடவை கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்கிப் போயிட்டேன். திட்டினாக்கூடப் பரவால்ல, என்னைப் பார்த்துத் திட்டணும்.

அப்பதான் மாமா, "நாளைக்கு மருமக தியானம் சொல்லட்டும்"னுட்டாங்க. எங்க ஊர்ல செபமாலை சொல்லுவோம், எல்லாம் மனப்பாடம். வேதத்தைப் பத்தி நீ என்ன நினைக்கேன்னு யாரும் எங்களைக் கேட்டதில்லை. இவுககிட்ட வழி கேட்டா, "வாசிச்சதை உன் வாழ்க்கையோட பொருத்திப் பாரு, அம்புட்டுதான்"னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாக.

பொருத்திப் பார்த்தேன். மறுநாள் பகுதி, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில மீன் சுட்டு வச்சு, ராத்திரி பூரா வலை போட்ட சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுத இடம்.

"ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் படலைன்னா, எங்கப்பா கரைக்கு வந்ததும் முதல்ல எங்கம்மாவைத்தான் திட்டும்"னு ஆரம்பிச்சேன். மாமா தொண்டையைச் செருமினாங்க. நான் நிறுத்தல. "கரையில நிக்கிறது ஆண்டவர்னு தெரிஞ்சதும், படகுல இருந்த பேதுரு சட்டையை மாட்டிக்கிட்டுக் கடல்ல குதிச்சாராம். கடலுக்குப் போற எவனாவது குதிக்கச் சட்டை போடுவானா? கழத்திட்டுல்லா குதிப்பான்! பெரியதாழையில ஒருத்தன் இப்படிக் குதிச்சா, சாகுத வரைக்கும் அவன் பேரே சட்டைதான். ஆனா பிரியமானவங்களைக் கண்டா மனுசனுக்குப் புத்தி வேலை செய்யாது. நானும் இவுகளைப் பார்த்து அப்படிக் குதிச்சவதான்."

அதுக்கு மேல எனக்குத் தியானம் வரல. கண்ணை மூடினோம்.

"அன்பின் பரலோகப் பிதாவே..."ன்னு அத்தை ஆரம்பிச்சாங்க. குரல் ஆடுது. ஐயோ, கோபமாக்கும்னு ஒத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு! சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு, "சட்டையைப் போட்டுக்கிட்டு..."ன்னு குலுங்குதாங்க. பிறகு சமாளிச்சு, "ஆண்டவரே, நீர் அன்னைக்குச் சுட்டது என்ன மீனுன்னு..." இழுத்து நிறுத்தினாங்க. ஆண்டவர் பதில் சொல்ற வரைக்கும் பொறுக்கல.

"ஏளா"ன்னாங்க. கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து. "என்ன மீனா இருக்கும்?"

சாளை, சூடை, விளமீன், ஊளின்னு தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிக்கிறவ நான். ஒரு பேரும் வாயில வரல. பொலபொலன்னு கண்ணீர்தான் வருது. மாமா ஆமென் சொல்ல மறந்து எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்காங்க.

அத்தை எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போனாங்க. அங்கனயிருந்து சத்தம் வந்தது.

"அழுதது போதும், வா ஏளா. உப்புச் சாடி அரிசிப் பானைக்குப் பின்னால இருக்கு."