கச்சா நிம்பு விசாலி

விசாலாக்ஷி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் ஆபீஸ் போகிறாள். அங்கே அவள் குரல் உயர்ந்தால் அறையே அடங்கிவிடுமாம். எங்களுக்கு மட்டும் அவள் இன்னும் கச்சா நிம்புதான்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள்: விசாலி, அவள் அண்ணன் வைத்தி, பத்ரி, ஸ்நேகா, நான். சாயங்காலமானால் ஐஸ் பைஸ். ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஓடி ஒளிய வேண்டும். தில்லிப் பிள்ளைகளிடம் ஒரு சட்டம் உண்டு. ரொம்பச் சின்னக் குழந்தையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பிடிபட்டாலும் அவுட் கிடையாது. அந்தக் குழந்தைதான் கச்சா நிம்பு, பழுக்காத எலுமிச்சை. அவுட்டே இல்லாதவள் எதற்கு ஒளிய வேண்டும்? விசாலி எண்ணுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலும் அதே சலுகைதான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததையே எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். "குழந்தை, பயந்துடுவா" என்றாள் அவள் அம்மா. குழந்தைக்கு அப்போது இருபத்தாறு வயது.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். நாங்களும் ஆளுக்கொரு ஊராகிவிட்டோம். ஞாயிறு மதியம் சாப்பிட்டானதும் கம்ப்யூட்டரில் கூடுகிறோம். பத்ரி கண்டுபிடித்துக் கொடுத்த பேய் விளையாட்டு. ஒருவர் அரிவாளோடு திரியும் வேட்டைக்காரர், மற்ற நால்வரும் இருட்டில் ஒளிந்து ஒளிந்து ஜெனரேட்டர்களை ஓடவைத்து, கேட்டைத் திறந்து தப்பிக்க வேண்டும். ஒருவரே மிஞ்சினால் கேட் தானே திறந்துகொள்ளும். ரத்தமும் அலறலுமாக இருக்கும். எனக்கோ ஹெட்போனில் வைத்தியின் சிரிப்பைக் கேட்டதும் பழைய மாடிப்படியின் ஈரச் சுண்ணாம்பு வாசனைதான் வரும். ஏங்கிப் போய்விடுவேன்.

போன மாதம் வைத்தி வேட்டைக்காரன். எங்கள் மூவர் கதையையும் முடித்தாயிற்று. கடைசியில் விசாலி மாட்டினாள். அவன் அரிவாளைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றான்.

"போ, கேட் அந்தப் பக்கம்."

விசாலி நகரவில்லை. "அண்ணா, ஒழுங்கா அவுட் பண்ணு."

"நீ கச்சா நிம்பு. ஜல்தி போடி."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "சேத்துண்டா நிஜமாச் சேத்துக்கோங்கோ. இல்லேன்னா இனிமே என்னைக் கூப்பிடாதேங்கோ. அடுத்த ஆட்டத்துல நான்தான் வேட்டை."

குழந்தை ஆசைப்படுகிறதே என்று விட்டோம். ஆரம்பித்ததும் நேரே மாடிப்படிக்கு அடியில் போய் வைத்தியை அமுக்கினாள். அலமாரிக்குள்ளிருந்து பத்ரி. மரத்துக்குப் பின்னால் ஸ்நேகா.

"எப்படிடீ?" என்றான் வைத்தி.

"அத்தனை வருஷம் உக்காந்து பாத்தேனே. யாருமே இடத்தை மாத்திக்கலை."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான். லோதி ரோடு ஐஸ் பைஸிலும் அதுதான் என் இடம். வந்து நின்றாள். அரிவாளைத் தாழ்த்தினாள்.

"வல்லிக்கா, கேட் திறந்திருக்கு. நீ போ."

ஹெட்போனில் மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னை என்ன, சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டாளா? கேட் வரை போனேன். ஓர் அடி வைத்தால் வெளியே. வைக்க முடியவில்லை. திரும்பி வந்து அவள் முன்னால் நின்றேன்.

"ஒழுங்கா அவுட் பண்ணுடி."

"அச்சா" என்று விசாலி அரிவாளை ஓங்கினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை.