சலோங்கோவின் இரட்டையர்

கணினிப் பிரிவு கயீவாவுக்கு ஒரே மகள். ஆனாலும் கம்பாலாவில் எங்கள் கல்லூரியே அவனைச் ‘சலோங்கோ’ என்றுதான் கூப்பிட்டது. இரட்டைப் பிள்ளை பெற்ற தகப்பனுக்கு இங்கே அதுதான் பெயர். அவனுடைய இரட்டையர், கல்லூரி இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் தகவல் சேமிக்க இருந்த இரண்டு எஸ்.எஸ்.டி.க்கள். மூத்தது வஸ்வா, இளையது காத்தோ என்று ஊர் வழக்கப்படி பெயர் எழுதிச் சீட்டு வேறு ஒட்டியிருந்தான்.

வீட்டுக் கணினிக்குப் போடுகிற மலிவு ரகத்தை அதில் மாட்டி ஒருமுறை சூடுபட்டவன் அவன். யார் எங்கிருந்து உள்ளே வந்தார், எப்போது போனார் என்று அந்தப் பெட்டி ஓயாமல் எழுதும்; எழுத எழுத எஸ்.எஸ்.டி. தேயும். அதனால் தேய்மானம் தாங்குகிற உயர்ந்த ரகம் வேண்டும், ஒன்றில் எழுதுவதே மற்றதிலும் பதிய இரண்டு வேண்டும் என்று, கொள்முதல் பிரிவிலிருந்த என்னிடம் மல்லுக்கு நின்று வாங்கினான். ஒரே கடை, அடுத்தடுத்த எண்கள். ஒரே நாளில் மாட்டினான்.

மாதாமாதம் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பான். “வஸ்வா அறுபத்தொண்ணு, காத்தோவும் அறுபத்தொண்ணு. என்ன ஒத்துமை பாத்தியா!” என்று பூரிப்பான். நானும் சிரிப்பேன். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்த இரண்டு முட்டாள்கள் நாங்கள்.

தொண்ணூறைத் தாண்டியதும் புதிது கேட்டான்.

“ஜூலையில பட்ஜெட் வரட்டும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல, சலோங்கோ?” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று போய்விட்டான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வுப் பிரிவு நன்சம்பாவின் கடவுச்சொல்லைப் போட்டு யாரோ மதிப்பெண்களை மாற்றிவிட்டார்கள். அன்று அவள் வெளியூரில், மசாக்காவில் தங்கையின் நிச்சயத்தில் இருந்தாள். அங்கிருந்தே செய்திருக்கலாமே என்றது விசாரணைக் குழு. எந்தக் கணினியிலிருந்து வந்து மாற்றினார்கள் என்பது ஃபயர்வால் பதிவில் இருந்தது.

“அழாதம்மா. பதிவு ரெண்டு எடத்துல பத்திரமா இருக்கு. வெள்ளிக்கிழமை அவங்க முன்னாடியே தெறந்து காட்டறேன், மூஞ்சிய எங்க வெச்சுக்கறாங்கன்னு பாரு” என்றான் கயீவா. அப்போதே ஒரு நகல் எடுத்திருக்கலாம், பாவி.

வியாழன் காலை வஸ்வா நின்றது. “தம்பி இருக்கான்” என்று கயீவா சிரித்தான். மதியச் சாப்பாட்டுக்குள் காத்தோவும் நின்றது. ஒரே வயது, ஒரே வேலை, ஒரே தேய்மானம். வேறு எப்படிச் சாகும்? ஆறு மாதம் முன்பே ஒன்றைக் கழற்றிப் புதிதை மாட்டியிருந்தால் பதிவு பிழைத்திருக்கும். மீட்டெடுக்கும் ஆட்களும் கைவிரித்துவிட்டார்கள்.

நன்சம்பாவின் பதினோரு வருட வேலை போயிற்று.

இப்போது அந்தப் பெட்டியில் இருப்பவை வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயது. பதிவின் நகல் தினமும் இன்னொரு கணினிக்குப் போகிறது. அவனைச் சலோங்கோ என்று கூப்பிடுவதையும் நாங்கள் விட்டுவிட்டோம்.

போன வாரம் சந்தையில் நானும் அவனும் நன்சம்பாவைப் பார்த்தோம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கக் கயீவா வாயெடுப்பதற்குள் அவள் இந்த ஊர்ப் பெண்களின் வழக்கப்படி மண்டியிட்டு விசாரித்தாள்.

“வாங்க சலோங்கோ. பிள்ளைங்க ரெண்டும் சௌக்கியமா?”

கயீவா குனிந்து தக்காளி பொறுக்க ஆரம்பித்தான். ஜூலை வரட்டும் என்று சொன்ன நானும்தான்.