கரிசல் பாதையில் எட்டு மஞ்சள் சட்டைகள்

சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் கால்வலி வாடிக்கையாளருக்கு, வாய்வலி நமக்கு. சனிக்கிழமை விடிந்ததும் மதுரை, சென்னை, பெங்களூரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் சூலக்கரையில் வந்து கூடுவார்கள். கிராவல் சைக்கிள் என்று ஒன்று இருக்கிறது. டயர் தடிமனாக இருக்கும். தார் ரோட்டிலும் ஓடும், சரளையிலும் ஓடும். அதில் இவர்களைக் கண்மாய்க் கரை, வண்டிப்பாதை என்று கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. யாராவது கருவேலங்காட்டுக்குள் வழி தவறினாலும் கண்ணில் படட்டும் என்று எல்லோருக்கும் மஞ்சள் சட்டை கொடுத்துவிடுவேன். வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கிற நீங்களும் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

பார்க்க என்ன இருக்கு?

ஆலங்குளம் பாதையில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து வந்த ஒரு வங்கி மேலாளர் அம்மா, நிறுத்திய இடத்திலெல்லாம் "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றார். கண்மாயைக் காட்டினேன், தண்ணீர் இல்லை. கொக்கைக் காட்டினேன், பறந்துவிட்டது. கல் பள்ளத்தைக் காட்டினேன், "பள்ளம்தானே" என்றார். நானும் அதை மறுக்கவில்லை.

கடைசியாக ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். லாரிப் புழுதியில் எட்டுப் பேரும் தலை முதல் கால் வரை மாவில் புரட்டி எடுத்தது போல் இருந்தோம். தெருவே கூடிவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "ஊரைப் பார்க்க வந்தீகன்னு சொன்னாக. இப்ப ஊரே வந்து உங்களைத்தான பார்த்துக்கிட்டு நிக்கிது."

மழைக்கு மறுநாள்

கரிசல் மண்ணில் மழைக்கு மறுநாள் சைக்கிள் விடக்கூடாது. இதை மதுரை மருத்துவர் ஒருவரிடம் மூன்று முறை சொன்னேன். "இந்த டயர் எதிலும் போகும்" என்றார். முந்நூறு அடி போனது. அதற்குமேல் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. தள்ளவும் முடியாமல் அவர் சைக்கிளைத் தோளில் தூக்கினார். அவர் தூக்கியதால் நாங்களும் தூக்கினோம்.

எதிரே ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். எட்டு சைக்கிளும் ஊர்வலமாகக் கடந்துபோகும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நடந்து வர்றதுன்னா சைக்கிளை வீட்டுலயே வச்சிட்டு வரலாம்ல?"

ரிசார்ட்

எங்கள் வீடு ஏழாயிரம்பண்ணைப் பக்கம். என் மனைவி செல்விக்கு அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதான் புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தும் வேலை. அவளைத் தினமும் விடியுமுன் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த காட்டுப்பாதையைத்தான் பிறகு சைக்கிள் பாதையாக்கினேன். வேலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும். ஆனாலும் செல்வி ஐந்து மணிக்கே என்னை எழுப்பிவிடுவாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால் "சும்மாதான்" என்பாள். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே போவேன்.

அந்தப் பாதையைச் செல்போன் வரைபடத்தில் பார்த்த பெங்களூரு இளைஞர் ஒருவருக்கு ஒரே உற்சாகம். பாதையோரம் ஒற்றை ஒற்றை அறைகள், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி, நடுநடுவே வேப்பமரம். அடுத்த முறை மனைவியோடு வந்து அந்த ரிசார்ட்டில் தங்கப்போவதாகச் சொன்னார். அது பட்டாசுக் கம்பெனி, ஒரு ரூமில் தீப்பிடித்தால் அடுத்த ரூமுக்குப் போகக்கூடாது என்றுதான் அந்த இடைவெளி, ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்றெல்லாம் விளக்கினேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று நன்றாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாலு பக்கமும் கதவு வச்சிருக்காங்களே அண்ணா, செம காத்தோட்டமா இருக்கும்."

சோளக்காடு

தீபாவளி சீசன் நெருங்கிய ஒரு சனிக்கிழமை அதே கம்பெனியை நோக்கி எட்டுப் பேர் போய்க்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, ஹெல்மெட். ஒருவர் ஹெல்மெட்டில் கேமரா. ஒருவர் கையில், எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டு. எங்கள் புழுதியைக் கண்டதும் உள்ளே யாரோ குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு ரூமிலிருந்தும் இரண்டு பேர், மூன்று பேர் வெறுங்காலோடு இறங்கி ஓடிப் பின்னாலிருந்த சோளக்காட்டுக்குள் மறைந்தார்கள். அதில் செல்வியும் ஒருத்தி. பச்சைச் சேலையை நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். ஒரு ரூமுக்கு நாலு பேர் என்ற கணக்கு அங்கே சீசனில் செல்லாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபோர்மேன் பரமசிவம் அண்ணாச்சி கையில் மோர்ச் சொம்போடு வேகமாக வந்தார். எட்டுப் பேரும் மோரைக் குடித்து முடித்தபிறகுதான் நாங்கள் சோதனைக்கு வந்த அதிகாரிகள் இல்லை, சும்மா சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று அவருக்குப் புரியவைக்க முடிந்தது. புரிந்தும் அவர் முகம் தெளியவில்லை. "நாளைக்கு இதே மாதிரி மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு நெசமான ஆபீசரே வந்தா, நான் எப்படித் தம்பி கண்டுபிடிக்க?"

சத்தம்

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டு வந்த ஒரு கூட்டத்தோடு, கம்பெனிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மணி பத்து இருக்கும். ஒரு சத்தம் கேட்டது. காதில் விழுவதற்கு முன்னால் காலில் தெரிந்தது. "ஏதும் கோயில் திருவிழாவா?" என்று ஒருவர் கேட்டார். செல்விக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை ஆட்களின் போனையெல்லாம் வாங்கி வாசலில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அது தெரிந்தும் அடித்தேன். தெற்கே புகை எழும்பியது. வாடிக்கையாளர்களை நடுவழியில் விட்டுவிட்டு நான் தனியாகப் போனது அந்த ஒரு நாள்தான்.

செல்வியின் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வெளியே பாதையில் வெறுங்காலோடு நின்றார்கள். வெடித்தது இன்னும் தள்ளியிருந்த வேறொரு கம்பெனியில், அதுவும் ஆள் இல்லாத ரூம். செல்வி முன்வரிசையில் நின்றாள். பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் ரூமில் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ஏழு பேரு. எத்தனை பேருன்னாலும் நான் கதவோரத்துலதான் உக்காருவேன். முதல்ல வந்தாத்தான் அந்த எடம் கெடைக்கும். அதுக்குத்தான உங்களை அஞ்சு மணிக்கே எழுப்புதேன்."

நாள் குறிக்காத பயணம்

வேலையை விட்டுவிடு என்று சொல்கிற அளவுக்கு என் தொழில் ஓடவில்லை. அதை அவளும் அறிவாள். ஆனால் ஒன்று சொன்னாள். நாங்கள் வந்துபோன நாளிலிருந்து சனிக்கிழமை மட்டும் ரூமுக்கு நாலே பேர்தானாம். மிச்சப் பேருக்காகப் பூட்டிக் கிடந்த ரூம்களை ஃபோர்மேன் திறந்துவிடுகிறாராம். மஞ்சள் சட்டைக்குள் யார் இருப்பார்கள் என்று அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமை என்ற வழக்கத்தை விட்டுவிட்டேன். செவ்வாய் போவேன். வியாழன் போவேன். அடுத்த வாரம் திங்களும் புதனும். வாடிக்கையாளர் யாரும் இல்லாவிட்டால் நானே மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டில் ஓடாத கேமரா ஒன்றைக் கட்டிக்கொண்டு, வேலியோரம் மெதுவாகப் போய்வருவேன். கையில் நோட்டும் உண்டு. அதில் ஒன்றும் எழுதுவதில்லை. ஒருநாள் அண்ணாச்சி வழிமறித்து, "அடுத்து என்னைக்கு வாரீகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா தோதா இருக்கும் தம்பி" என்றார். கஸ்டமர் கூப்பிடுகிற நாள்தான் அண்ணாச்சி, எனக்கே தெரியாது என்றேன். தொழிலில் நான் சொல்லியிருக்கும் பொய்களில் இது ஒன்றுதான் எனக்கு உறுத்தவில்லை.

போன வாரம் ஐந்து மணிக்கு நானே எழுந்து வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டுச் செல்வியை எழுப்பினேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "இப்பத்தான் தெனமும் நாலே பேரு இருக்கோம்ல, ஆளுக்கொரு கதவு. ஆறரைக்குப் போனாப் போதும், படுங்க."

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை வைத்துத்தான் நான் தொழில் செய்கிறேன். அதில் உருப்படியாக நடந்த ஒரே காரியம், எங்களைப் பார்த்து ஒருவர் பயந்ததுதான்.