நேற்றுதான் மலை இறங்கினோம்

அந்த வருடம் என் தாய்மாமாவிடம் நாலு வெள்ளைச் சட்டைகள் இருந்தன. வேறு நிறத்தில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் சீட்டு தனக்குத்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். கட்சி இன்னும் முடிவு செய்யவில்லை என்பது வேறு விஷயம். லுங்கியோடு பால் வாங்கப் போவதை நிறுத்தினார். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு கையையும் கூப்பினார். ஒருமுறை கண்ணாடி போடாமல் போய் சிமெண்ட் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்ததாக நைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே பெட்டி, பை, பூட்டு விற்கும் நைனாவின் கடை. மேலே நாங்களும் மாமாவும். சொந்த ஊர் தமிழ்நாட்டில் பாலசமுத்திரம் பக்கம் என்பதால் படிக்கட்டுக்கு மேலே தமிழ், படிக்கட்டு இறங்கினால் தெலுங்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் தெரு நடைபாதையில் எப்போதும் ஆட்கள் படுத்திருப்பார்கள். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வந்து, ஊருக்கு வண்டி வரும்வரை பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற பக்தர்கள் ஒரு வகை. அவர்களை யாரும் எழுப்புவதில்லை. கடைக்காரர்கள் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். சிலர் ஒரு சொம்பு தண்ணீரும் வைப்பார்கள். போவதற்கு ஊரோ வீடோ இல்லாமல் படுத்திருக்கிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் மேல் காலையில் கடை கழுவுகிற தண்ணீர் தெறிக்கும், கொஞ்சம் வேண்டுமென்றே. தூங்கும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். தலைமுடியை வைத்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் கடைக்கு எதிரே மூடிக்கிடந்த போட்டோ ஸ்டுடியோவின் ஷட்டர் ஓரத்தில் ஒரு அக்கா இருந்தாள். அம்மா வயதுதான். நான் மூன்றாம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்தது வரை அவள் தலை மொட்டையாகவே இருந்தது. மேலே மஞ்சளாகச் சந்தனம், நெற்றியில் நாமம். பக்கத்தில் ஜிப் அறுந்த ஒரு பை. அதன் வாயில் லட்டு வாங்கிய காலிக் கவர் ஒன்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். போலீஸ்காரரோ வேறு யாரோ விசாரித்தால் எப்போதும் ஒரே பதில்தான்.

“நேத்துதான் மலை எறங்கினோம் சாமி. சாயந்திரம் வண்டி.”

இரண்டு வருடமாக அந்தச் சாயந்திரம் வரவே இல்லை. கேட்டவர்களும் ‘சரிம்மா’ என்று போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. அவளிடமே கேட்டிருக்கிறேன், ஏன் முடி வளர்க்கவில்லை என்று.

“வளந்தா உங்க மாமா கண்ணுக்குத் தெரிஞ்சிடுவேன் பாப்பா” என்றாள். மாமா கண்ணாடி போடாவிட்டால் எதுவுமே தெரியாது என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், என்னைவிட மூன்று வயது பெரியவள். ஊருக்கு வெளியே அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்கு, எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடையோடு ஷட்டர் முன்னால் வந்து நிற்பாள். அன்று விடியும்போதே அந்த அக்கா எங்கள் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டு அம்மா கொடுத்த பழைய புடவையைக் கட்டியிருப்பாள். மகள் ஹாஸ்டலில் தந்த வாழைப்பழத்தைச் சாப்பிடாமல் கொண்டுவந்து தாய்க்குக் கொடுப்பாள். தாய் அதைப் பாதியாகப் பிய்த்துத் திருப்பிக் கொடுப்பாள். மத்தியானம் வரை பாடம் ஒப்பிப்பதும் பேன் பார்ப்பதும் நடக்கும். அந்த ஷட்டர்தான் அவர்களுக்கு விலாசம்.

கோடை வந்தது. கட்சித் தலைவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குத் தாகத்தோடு வருகிறவர்களுக்காக மாமா வைக்கும் தண்ணீர்ப் பந்தலை அவர் திறந்து வைப்பார். மாமாவின் உழைப்பைப் பார்த்து மனம் குளிர்ந்து சீட்டைக் கொடுப்பார். மாமாவின் கணக்கு அதுதான். கடைக்காரர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. நடைபாதையைச் சுத்தம் செய்தால்தான் பந்தலுக்கு இடமும் ஓட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா கெட்டவர் இல்லை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “யாரையும் அடிச்சித் தொரத்தலக்கா. தடா பக்கம் ஒரு ஆசிரமம் கீதாம். மூணு வேள சோறு. வேன் வெச்சி, கையில புளியோதரப் பொட்டலம் குடுத்து, மரியாதையா அனுப்பப் போறேன்.”

“எதிர்ல கீறவள?” என்றாள் அம்மா.

மாமா ரசத்தை ஊற்றிக்கொண்டார். “அவங்க யாத்ரீகருங்களாச்சே. யாத்ரீகருங்கள தொடக் கூடாதுன்னு பசங்களுக்கு சொல்லிக்கீறேன்.”

 அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லியும் வைத்தாள்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது. மாமாவும் கட்சித் துண்டு போட்ட இரண்டு பையன்களும் தெருக்கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேனில் ஏறியவர்கள் கையில் வாழை இலையில் கட்டிய பொட்டலம். புளியோதரை வாசனை தெரு முழுக்க அடித்தது. எனக்கு ஏதோ சுற்றுலா கிளம்புகிற மாதிரி இருந்தது. ஜன்னல் ஓரம் யார் உட்காருவார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோ ஷட்டர் வந்ததும் ஒரு பையன் குனிந்து, தெலுங்கில், எந்த ஊரம்மா என்று கேட்டான். மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் வேன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சொன்னாள், “நேத்துதான் மலை எறங்கினோம் சாமி. சாயந்திரம் வண்டி.”

பையன் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டு நகர்ந்தான். எனக்குப் பதறிப்போயிற்று. எல்லோருக்கும் பொட்டலம் கிடைத்து, என் அக்காவுக்கு மட்டும் இல்லையா? கடைப் படியிலிருந்து கத்தினேன்.

“மாமா! இவங்க எங்கயும் போவல மாமா! இவங்க நம்ம தெருதான்! எப்பவும் இங்கதான் இருப்பாங்க! இவங்களுக்கும் ஒண்ணு குடுங்க!”

 பக்கத்துக் கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். எதிர்வரிசைக்காரரும் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு பையனிடம் தலையை ஆட்டினார்.

அவள் அழவோ மல்லுக்கு நிற்கவோ இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தாள். “நாளைக்கு எம் பொண்ணு வந்தா, எங்கயும் போவாம இங்கயே குந்திக்கினு இருக்கச் சொல்லு பாப்பா” என்றாள். நான் பொறுப்பாகத் தலையாட்டினேன். அவள் கையில் ஏதாவது பொட்டலம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே போனபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு மகள் வந்தாள். சொன்னபடி சொன்னேன்; மாமா வேனில் அனுப்பியதையும் சொன்னேன். வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஷட்டர் முன்னால் உட்கார்ந்தாள். என் அம்மா மேலே கூப்பிட்டும் வரவில்லை. “அம்மா வந்தா தேடும்” என்றாள்.

பத்தரைக்குத் தலைவர் வந்தார். மாலை, மைக், கைத்தட்டல். முதல் டம்ளர் மோரை ஒரு குழந்தைக்குக் கொடுத்தால் போட்டோ நன்றாக வரும் என்று யாரோ சொல்ல, அருகில் உட்கார்ந்திருந்த அவளையே கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, தலைவரை விட்டுவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். தமிழில் கேட்டாள்.

“அண்ணா, எங்கம்மாவ எங்க எறக்கி வுட்டீங்க?”

தலைவர் வடக்கு மாவட்டத்துக்காரர், தமிழ் தெரியாது. “ஏமண்டோந்தி?” என்று சிரித்தபடி மாமாவிடம் கேட்டார். ‘என்ன சொல்கிறாள்’ என்று.

மாமா அவளைப் பார்க்காமல் தலைவர் பக்கம் திரும்பினார். “மஜ்ஜிக பாகுந்தண்ட சார்” என்றார். மோர் நன்றாக இருக்கிறதாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தலைவர் பேசி முடிப்பதற்குள் மாமாவைக் காணவில்லை. அந்த வெள்ளைச் சட்டையோடேயே பைக்கை எடுத்துக்கொண்டு தடாவுக்குப் போயிருக்கிறார். பொழுது சாய்கிறபோது திரும்பி வந்தார்; சட்டை மண்ணாகியிருந்தது. ஆசிரமத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். டிரைவர் எல்லோரையும் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஹைவேயில் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். மற்றவர்கள் ஒரு டீக்கடை நிழலில் இருந்தார்கள். அந்த அக்கா மட்டும் இறங்கியவுடனே வந்த வழியே நடக்கத் தொடங்கிவிட்டாளாம்; எந்தச் சாலையில் திரும்பினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் அம்மா அவள் மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டாள். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு சாலை சாலையாகப் போய் வந்தார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது ஷட்டர் முன்னால் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்ந்துவிட்டாள். பாதங்கள் வீங்கி வெடித்திருந்தன. ஆனால் தலை அப்போதுதான் மழித்தது. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. தெருவுக்குள் வருமுன் எங்கோ நின்று, முதலில் அதைச் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

மாமா வாசலில்தான் நின்றார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பதும், தெரியாததுபோல் இருந்ததுதான் அவர்களால் முடிந்த இரக்கம் என்பதும், நாலு பேர் முன்னால் நான் உரக்கச் சொன்னபிறகு மாமாவால் தெரியாதவராக இருக்க முடியவில்லை என்பதும் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். “அக்கா! ஆசிரமம் நல்லா இருந்துச்சா? ஏங்க்கா வந்துட்டீங்க?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். லட்டுக் கவரைப் பையின் வாயில் சரியாகத் தெரிகிற மாதிரி இழுத்து வைத்தாள்.

“நேத்துதான் மலை எறங்கினோம்மா” என்றாள். “சாயந்திரம் வண்டி.”

விளையாட்டு மறுபடி தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.